புதுப்பிப்பு: தம்பியின் வலிப்பும் மனச்சோர்வும்

மார்ச்சில் எழுதியிருந்தேன்: தம்பிக்கு வலிப்பு நின்று ஒரு வருடம், ஆனால் ஆள் சுருண்டே கிடக்கிறான், மனச்சோர்வு மாத்திரை போட்டால் வலிப்பு திரும்பும் என்று பயமுறுத்துகிறார்கள், என்ன செய்ய என்று.

புது நரம்பியல் மருத்துவர் முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். ஆறே கேள்விகள். மொத்தம் 24 மதிப்பெண். 15-க்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம். அவனுக்கு 19. 'செத்துப் போனால் நல்லது என்று தோன்றுகிறதா' என்ற வரியில் பேனா நின்றது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கை வைத்தது வலிப்பு மாத்திரையில்தான். அவன் போட்டுவந்த லெவெடிராசிட்டம் வலிப்பை நன்றாக அடக்கும், ஆனால் சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் கிளப்பிவிடுமாம். சட்னியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு அரை மணி கழித்து அழுவானே! அவன் குணமே அப்படி என்று திட்டித் தீர்த்திருக்கிறோம்.

இப்போது அதற்குப் பதில் லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மாத்திரை. 25 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம் என்பதால் அம்மா தினமும் அவன் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். பழையதையும் படிப்படியாகத்தான் குறைத்தார்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கூடவே செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. வழக்கமான அளவில் இது வலிப்பைக் கூட்டுவதில்லையாம். புப்ரோபியான், க்ளோமிப்ரமின் போன்ற வேறு சில மனச்சோர்வு மாத்திரைகளில்தான் எச்சரிக்கை வேண்டும். எல்லா மாத்திரையையும் ஒரே கூடையில் போட்டுப் பயந்தது எங்கள் தப்பு.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம், யாரும் சொல்லாமலே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான். வலிப்பு வரவில்லை. தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை.