கோண்டாவில் குடும்பம் குழு: அம்மம்மாவுக்கு டிக்கெட்

வாணி (சென்னை): யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் தேருக்கு அம்மம்மாவைக் கூட்டிட்டுப் போறது முடிவாயிடுச்சு. ஒரு சந்தேகம். ஒரு வெப்சைட்ல சென்னை–யாழ்ப்பாணம் 355 கி.மீ., பறக்கிற நேரம் அரை மணின்னு இருக்கு. டிக்கெட்ல ஒண்ணேகால் மணி நேரம் காட்டுது. எதை நம்புறது?

சித்தப்பா (திருச்சி): டிக்கெட்டை நம்பும்மா. 355ங்கிறது நேர்க்கோட்டுத் தூரம், அது சரிதான். அரை மணிங்கிறது பெரிய ஜெட் 800 கி.மீ. வேகத்துல போனா வர்ற கணக்கு. யாழ்ப்பாண ஏர்போர்ட் இருக்கிற பலாலிக்குப் போறது ஏடிஆர் 72ங்கிற சின்ன விமானம். ரெண்டு பக்கமும் விசிறி சுத்தும், வேகம் 500 கி.மீ. சுமாருக்குத்தான். கதவைச் சாத்தி நகர்றதுலேர்ந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் டிக்கெட் நேரம். மீனம்பாக்கத்துல ரன்வேக்கு வரிசையில நிக்கிறதும் அதுல சேரும்.

அருண் (சென்னை): கொழும்பு வழியா பார்த்தீங்களா? அதுவும் ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம்தான். டிக்கெட்டும் கொஞ்சம் கம்மி.

கலா மாமி (கோண்டாவில்): ஐயோ வேண்டாம் தம்பி. அது யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வாற கதை. கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில இறங்கி அனுராதபுரம், வவுனியா எண்டு வான் வண்டியில ஏழு மணித்தியாலம் வரவேணும். அம்மாவின்ர முழங்கால் தாங்காது. பலாலியில இறங்கினா எங்கட வீட்டுக்கு அரை மணித்தியாலம்.

அருண்: சரி மாமி. அப்ப நேராவே போடலாம்.

வாணி: சித்தப்பா, திருச்சிலேர்ந்தும் விமானம் விட்டாங்களே. உங்க வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமா?

சித்தப்பா: தாராளமா வாங்க. 2025 மார்ச் கடைசியில ஆரம்பிச்சாங்க. தூரம் பாதிதான், 185 கி.மீ. சொச்சம். ஆனா நேரம் பாதியாகாது, ஒரு மணி நேரம் போட்டிருந்தாங்க. ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் தரையில ஊர்றதுக்கும் ஆகிற நேரம் எங்கிருந்து போனாலும் அதேதானே. கால் மணி மிச்சம் பிடிக்க அத்தையைச் சென்னையிலேர்ந்து திருச்சி வரைக்கும் அலைய விடாதே.

அம்மம்மா (குரல் செய்தியை அருண் எழுதினது): நான் கலியாணம் முடிச்ச புதுசில யாழ்ப்பாணத்தில ரயிலேறி, மதவாச்சியில இறங்கி, தலைமன்னார் ரயில் பிடிச்சு, அங்கையிருந்து இராமானுஜம் கப்பலில இராமேஸ்வரம் வந்தனாங்கள். பிறகும் மெட்ராசுக்கு ஒரு இரவு ரயில். இப்ப ஒண்டேகால் மணித்தியாலம் எண்டுறியள். எனக்கு நேரா பலாலிக்குப் போடு பிள்ளை. தங்கச்சியைப் பாக்கவேணும்.

கலா மாமி: சின்னம்மா இதைக் கேட்டு அழுறா. அம்மாவைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

வாணி: போடறேன் மாமி ❤️ சர்க்கரை மாத்திரைக்கு நேரம் மாத்தணுமா?

கலா மாமி: தேவையில்லை. எங்கட நேரமும் உங்கட நேரமும் 2006இல இருந்து ஒண்டுதான்.

சித்தப்பா: வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேட்டுடு வாணி. ஏடிஆர்ல பின் கதவு வழியாத்தான் ஏறணும், கதவோட சேர்ந்து இறங்குற சின்னப் படி, ஒடுக்கமா இருக்கும். முன்கூட்டியே சொன்னாத்தான் ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க. பின்வரிசை சீட்டாப் பார்த்து எடு, நடை குறையும். மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட் போயிடுங்க. வீட்டுலேர்ந்து வீடுன்னு பார்த்தா ஆறு மணி நேரம் வச்சுக்கோ.

அருண்: எந்தப் பக்கம் ஜன்னல்?

சித்தப்பா: போகும்போது வலது பக்கம். மேகம் இல்லேன்னா புதுச்சேரி, கடலூர், காரைக்கால்னு கரை கூடவே வரும். இறக்கை மேல இருக்கிறதால கீழ மறைக்காது. கோடிக்கரை தாண்டிட்டா வெறும் கடல், அதுவும் பத்து நிமிஷம்தான். அப்புறம் காங்கேசன்துறை.

அம்மம்மா (குரல் செய்தி): ஜன்னல் எனக்கு.

வாணி: உங்களுக்கேதான் அம்மம்மா. அருண், அம்மம்மா பாஸ்போர்ட் முதல் பக்கத்தை இப்பவே போட்டோ எடுத்து அனுப்பு. தேர் நெருங்க நெருங்க சீட் கிடைக்காது.