மறு: ‘டிராஃப்ட் பிக்’ – ஆளா, உரிமையா, முறையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆண்டுதோறும் அணிகள் வரிசையாக வந்து, சுற்றுச் சுற்றாக இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்வு ‘டிராஃப்ட்’. அதில் ஓர் அணிக்குள்ள இடத்தையும், அந்த இடத்தில் எடுக்கப்பட்ட ஆளையும் ‘பிக்’ என்கிறார்கள். அந்த விளையாட்டைப் பற்றிய நம் சொற்பட்டியலில் ‘டிராஃப்ட் பிக்’ என்பதற்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ‘வரைவுத் தேர்வு’, ‘ஆட்சேர்ப்பு வாய்ப்பு’, ‘தெரிவு’, ‘தெரிவுரிமை’. ஒரு சொல்லைத் தனியே நிறுத்தி அழகு பார்ப்பதைவிட, உண்மையில் நடந்த ஒரு செய்தியை அந்தச் சொல்லால் எழுதிப் பார்ப்பதே நல்ல சோதனை என்று கருதுகிறவன் நான். நான்கையும் அப்படி எழுதிப் பார்த்தேன். நான்குமே ஏதாவது ஓரிடத்தில் இடறின.

‘வரைவு’ முதலிலேயே கழிகிறது. அலுவலகத்தில் அது கடிதத்தின் முன்வடிவம்; அகப்பாடல் படித்தவருக்கோ அது திருமணம். ‘கொலராடோ அணியின் முதல் சுற்று வரைவு’ என்று எழுதினால் தோழி வந்து வரைவு கடாவுவாளோ (மணம் செய்துகொள் என்று தலைவனை வற்புறுத்துவாளோ) என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘ஆட்சேர்ப்பு’ என்றால் பட்டாளத்துக்கோ மின்வாரியத்துக்கோ ஆள் எடுக்கும் நினைவு வருகிறது. ஆகவே மீதி இரண்டையும் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட செய்தி 2017 நவம்பர் 5 அன்று நடந்தது. புரூக்ளினில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியுடன் கொலராடோ அவலான்ஷ் ஆடிக்கொண்டிருந்தது. முதற்பகுதி முடிவதற்குள்ளேயே கொலராடோவின் மாட் டுஷேன் ஆட்டத்திலிருந்து விலகி உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார். அவருக்குக் காயம் எதுவும் இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவரை ஒட்டாவா அணிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஒட்டாவாவின் கைல் டரிஸ் நாஷ்வில்லுக்குப் போனார். மூன்று அணிகள் சேர்ந்த அந்த ஏற்பாட்டில் கொலராடோவுக்கு ஏழு உருப்படிகள் கிடைத்தன. அவற்றில் நான்குதான் ஆட்கள்: 19 வயதுத் தடுப்பாட்டக்காரர் சாமுவேல் ஜிரார்ட், முன்கள வீரர்கள் கமெனெவ், பவர்ஸ், கோல்காப்பாளர் ஹாமண்ட். மற்ற மூன்றும் வரப்போகும் டிராஃப்டுகளில் ஒட்டாவாவின் முதற்சுற்று, நாஷ்வில்லின் இரண்டாம் சுற்று, ஒட்டாவாவின் இன்னொரு மூன்றாம் சுற்று. இந்த மூன்றையும் தமிழில் என்னவென்று சொல்வது என்பதே நம் கேள்வி.

அப்போது கொலராடோ இருந்த நிலையையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் வெறும் 48 புள்ளிகள் எடுத்து லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. கடைசியாக வந்த அணிக்கு முதலில் ஆளெடுக்கும் வாய்ப்பு என்பது பொதுவிதிதான் என்றாலும், வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க மேலிடங்களைக் குலுக்கலில் விடுகிறார்கள். (இதற்குக் ‘குலுக்கல்’ என்ற சொல்லே போதும், சீட்டுக் கட்டிய எல்லோருக்கும் தெரிந்த சொல்.) முதலிடம் கிடைக்க 18 விழுக்காடு வாய்ப்பிருந்தும் கொலராடோ நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த நான்காம் இடத்தில் எடுத்தவர்தான் கேல் மக்கார்.

டுஷேன் ஒப்பந்தத்துக்குத் திரும்புகிறேன். ஒட்டாவா கொடுத்த முதற்சுற்றுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: 2018-இல் அது முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் ஒட்டாவா அதைத் தானே வைத்துக்கொண்டு, பதிலுக்கு 2019-இன் முதற்சுற்றைக் கொடுக்கலாம். ஒட்டாவா அந்தப் பருவத்தில் சரிந்தது, டிராஃப்டில் நான்காம் இடம் வந்தது, அதை வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தது. அடுத்த பருவத்தில் ஒட்டாவா கடைசி இடத்துக்கே போய்விட்டது. குலுக்கலில் மீண்டும் நான்காம் இடம். இம்முறை அது கொலராடோவுடையது. அதில் எடுக்கப்பட்டவர் போவென் பைரம். ஒப்பந்தம் முடிந்த நாளில் பைரமுக்கு வயது 16. அன்று கைமாறிய பொருளுக்குப் பத்தொன்பது மாதம் கழித்துத்தான் முகம் வந்தது.

இப்போது ‘தெரிவு’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஒட்டாவா தன் முதற்சுற்றுத் தெரிவைக் கொலராடோவுக்குக் கொடுத்தது’ என்றால், யாரையோ தெரிந்தெடுத்துவிட்டு அந்த ஆளைக் கொடுத்தது என்றே வாசகர் கொள்வார். தெரிவு என்பது தெரிந்தெடுத்து முடிந்த பிறகு பிறக்கும் சொல். இங்கே யாரும் யாரையும் இன்னும் தெரிந்தெடுக்கவில்லை. (தமிழ்நாட்டில் ‘தேர்வு’ என்று எழுதினால் பரீட்சை குறுக்கே வருவதால், இலங்கை வழக்கான ‘தெரிவு’ நமக்கு மிகவும் உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. எடுக்கப்பட்ட ஆளைக் குறிக்க அதையே வைத்துக்கொள்ளலாம்: ‘மக்கார் கொலராடோவின் 2017 முதற்சுற்றுத் தெரிவு’.)

‘தெரிவுரிமை’ இதைவிட மேல். ஆனால் அதற்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. ஓர் அணி 18 வயதுப் பையனைத் தெரிவு செய்தவுடன் அவன் அந்த அணியின் ஆட்டக்காரன் ஆகிவிடுவதில்லை. அவனுடன் ஒப்பந்தம் பேசும் தனியுரிமை மட்டுமே அணிக்குக் கிடைக்கிறது. மக்காரைத் தெரிவு செய்த பின் கொலராடோ அவரை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணியில் இரண்டு பருவம் ஆடவிட்டுக் காத்திருந்தது. 2019 ஏப்ரல் 13 அன்று அவர் கல்லூரி இறுதியாட்டத்தில் தோற்றார். 15 அன்று கால்கரிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் கொலராடோவுக்காக முதன்முதலாக இறங்கிக் கோலும் அடித்தார். அந்த இரண்டாண்டு கொலராடோ கையில் வைத்திருந்தது ஓர் உரிமை. பைரம் என்ற பெயரே தெரியாமல் 2017-இல் வாங்கியது வேறோர் உரிமை. ஒன்றுக்கு முகம் உண்டு, மற்றதற்கு இல்லை. இரண்டும் தனித்தனியே விலைபோகக்கூடியவை. இரண்டையும் ‘தெரிவுரிமை’ என்றால் பட்டியல் குழம்பும்.

முகமில்லாத அந்தப் பொருள்தான் என்ன? ஒரு வரிசையில் ஓரிடம். இன்ன ஆண்டில், இன்ன சுற்றில், என் பங்கு வரும்போது நான் முன்னே வந்து ஒருவரை எடுக்கலாம் என்ற இடம். இதற்குத் தமிழில் பழகிய சொல் இருக்கிறது: முறை. எங்கள் ஊரில் நான்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு பங்குக் கிணறு உண்டு. வியாழக்கிழமை என் பெரியப்பாவுக்கு முறை. கடலைக்குத் தண்ணீர் தேவைப்படாத வாரத்தில் அவர் அந்த முறையை அடுத்த வயல்காரருக்கு விட்டுக்கொடுப்பார். பதிலுக்கு அறுப்புக்கு இரண்டு ஆள் வரும், அல்லது அடுத்த மாதம் ஒரு முறை கூடுதலாகக் கிடைக்கும். தண்ணீர் அப்போது மேலே வந்திருக்கவே இராது. எவ்வளவு ஊறும் என்பதும் தெரியாது. ஆனாலும் முறை கைமாறும், தள்ளிப்போகும், சில நேரம் வாய்ச்சண்டையும் வரும். ஒட்டாவா 2018-ஐ வைத்துக்கொண்டு 2019-ஐக் கொடுத்ததைப் பெரியப்பாவிடம் சொன்னால் ‘முறையைத் தள்ளிக் கொடுத்திருக்கான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பொதுப்பணித்துறை ஆவணங்களிலும் ‘முறைப்பாசனம்’ என்று இருக்கிறது.

எனவே என் பரிந்துரை: டிராஃப்ட் என்ற நிகழ்வுக்கு ‘முறைத்தெரிவு’, முகமில்லாத அந்த இடத்துக்கு ‘முறையுரிமை’. வெறும் ‘முறை’ என்றே விடலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் ‘நான்காம் முறை’ என்றால் நாலாவது தடவை என்று பொருள்படும். ‘தெரிவுமுறை’ என்று திருப்பிப் போட்டாலோ வழிமுறை என்றாகிவிடும். தெரிவு செய்யப்பட்டவர் மீது அணிக்குள்ள தனியுரிமைக்கு ‘ஒப்பந்த உரிமை’ என்று வைத்துக்கொள்வோம்.

அணிகள் தங்களுக்குள் ஆட்களைக் கொடுத்து வாங்கும் ‘டிரேட்’ பற்றி இரண்டு வரி. ‘கைமாற்று’ வேண்டாம், அது சம்பளத்துக்கு முந்தின வாரம் கேட்பது. ‘ஆள்மாற்று’ ஆள்மாறாட்டத்தை நினைவூட்டுகிறது. 2025 நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போய் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தபோது பரிமாற்றம் என்ற சொல் எவ்வளவு இயல்பாகப் பொருந்தியதோ, இங்கும் அது அப்படியே பொருந்துகிறது. புதிதாக எதுவும் தேவையில்லை.

இளம் ஆட்டக்காரர்களை அனுப்பிப் பக்குவப்படுத்தும் இரண்டாம்நிலை அணிக்கு முன்பு ஒருவர் ‘பண்ணை அணி’ என்று எழுதியிருந்தார். பண்ணை என்றால் கோழியும் மாடும் முன்னே வருகின்றன. ‘நாற்றங்கால் அணி’ என்றால் பிடுங்கி வேறு வயலில் நடத்தான் போகிறோம் என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது. கொலராடோவுக்கு லவ்லண்டு நகரில் ஆடும் ஈகிள்ஸ் அணி அத்தகையது. ஆனால் ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்ற பழமொழியை மட்டும் இந்தத் துறைக்குள் விட வேண்டாம். டெட்ராய்ட் 1998-இல் 171-ஆம் ஆளாகத் தாத்சுக்கையும், 1999-இல் 210-ஆம் ஆளாக ஸெட்டர்பெர்க்கையும் எடுத்தது; இருவரும் பின்னாளில் நட்சத்திரங்கள். முளையில் தெரிந்திருந்தால் அத்தனை அணிகள் அவர்களைக் கடந்து போயிருக்குமா?

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் ஒருவரின் மறுமொழி:

ஐயா, கிணற்று எடுத்துக்காட்டு நன்று; எங்கள் தோட்டக் கிணறுகளிலும் பங்கும் முறையும் உண்டு. ஆயினும் ‘முறையுரிமை’ என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மச்சாள்தான். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று வழங்குகிற மொழியில், முறையோடு உரிமையையும் சேர்த்தால் மாமன் மகளைக் கேட்கிற உரிமை என்றே பலரும் விளங்கிக்கொள்வார்கள். ‘வரைவு’ திருமணத்தைக் குறிக்கும் என்று தள்ளிய நீங்களே திருமண வீட்டின் பின்கதவால் நுழைந்துவிட்டீர்கள். ‘முறைப்பங்கு’ என்று வைத்தால் என்ன? கிணற்றோடும் அது ஒத்துப்போகும்.

———

அன்புள்ள நண்பருக்கு,

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். சொல்லப்போனால் அந்த மச்சாள் பொருள் இந்த விளையாட்டுக்கு அவ்வளவு தூரமும் இல்லை. ஆளைக் கேட்காமலே ஆள்மேல் வைக்கிற உரிமை என்பதில் இரண்டும் ஒன்றுதான். 1991-இல் கியூபெக் நோர்டிக்ஸ் தன் முதலிடத்தில் எரிக் லிண்ட்ரோஸைத் தெரிவு செய்தது. அவர் அந்த அணிக்கு ஆடவே மாட்டேன் என்று ஓராண்டு முழுதும் நின்றார். மாமன் மகள் ‘மாட்டேன்’ என்றால் வீட்டில் நடப்பதே அங்கும் நடந்தது. 1992-இல் கியூபெக் அவரை இரண்டு அணிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட, நடுவர் ஒருவர் உட்கார்ந்து பிலடெல்ஃபியாவுக்கே என்று தீர்ப்புச் சொன்னார். பதிலுக்குப் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உள்ளிட்ட ஆட்டக்காரர்களும், 1.5 கோடி டாலரும், இரண்டு முதற்சுற்றுகளும் வந்தன. அந்தக் கியூபெக் அணிதான் 1995-இல் டென்வருக்குக் குடிபெயர்ந்து கொலராடோ அவலான்ஷ் ஆனது.

ஆயினும் பத்திரிகைத் தலைப்பில் வாசகர் சிரிக்கக்கூடாது என்பதால் உங்கள் சொல்லையும் அதே சோதனைக்கு உட்படுத்தினேன். ‘முறைப்பங்கு’ என்றால் பங்குச்சந்தை சற்றே எட்டிப் பார்க்கிறது. ஆனால் விற்கவும் வாங்கவும் வைத்திருக்கவும் கூடியது என்ற பொருளை அது ‘உரிமை’யைவிட நன்றாகச் சொல்கிறது. ‘உரிமை’ என்ற சொல் ஒப்பந்த உரிமைக்கு மட்டும் என்று ஒதுங்கிவிடுவதால் எல்லையும் தெளிவாகிறது. கீழே உள்ள பத்தியில் என் சொல் வரவேண்டிய இடங்களிலெல்லாம் உங்கள் சொல்லைப் போட்டு எழுதினேன், எங்கும் இடறவில்லை:

‘1987-இல் கியூபெக், டேல் ஹன்டரையும் கோல்காப்பாளர் மலார்ச்சுக்கையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து, இரண்டு ஆட்டக்காரர்களோடு அதன் முதற்சுற்று முறைப்பங்கையும் வாங்கியது. அந்த ஆண்டு முறைத்தெரிவில் 15-ஆம் இடத்தில் வந்த அந்தப் பங்கில் ஜோ சாக்கிக்கை எடுத்தது. லிண்ட்ரோஸுக்காகப் பெற்ற 1993-ஆம் ஆண்டு முறைப்பங்கில் கோல்காப்பாளர் ஜோசலின் திபோவை எடுத்தது. கொலராடோ ஆன பின், 1995 டிசம்பரில் திபோவையும் வேறு இருவரையும் கொடுத்து மொன்ட்ரியாலிடமிருந்து பாட்ரிக் ருவாவைப் பெற்றது; 1996-இல் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது. முறைப்பங்கில் வந்த அதே சாக்கிக், பொது மேலாளராக இருந்து 2017-இல் டுஷேனைக் கொடுத்து ஒட்டாவாவின் முறைப்பங்கை வாங்கினார். 2020-இல் இரண்டு இரண்டாம் சுற்று முறைப்பங்குகளைக் கொடுத்து ஐலண்டர்ஸிடமிருந்து டெவன் டேவ்ஸைப் பெற்றார். 2022 ஜூனில் டாம்பா பேயை வென்று கோப்பை எடுத்த அணியில் மக்கார், டேவ்ஸ், ஜிரார்ட், 21 வயதுப் பைரம் நால்வரும் தடுப்பாட்டக்காரர்கள்.’

எனவே பட்டியலில் ‘முறையுரிமை’யை அடித்துவிட்டு ‘முறைப்பங்கு’ என்று திருத்துகிறேன். ‘முறைத்தெரிவு’ அப்படியே இருக்கட்டும். ஒட்டாவா போட்டது போன்ற நிபந்தனைக்குத் ‘தள்ளுமுறை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதிலும் மச்சாள் யாராவது ஒளிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.