நூலகர்களின் கடிதங்களும் சேர்க்கப்பட வேண்டியவையே: கொழும்பில் ஓர் அனுபவம்

பழைய கடிதங்களைச் சேர்ப்பவர்களான உங்களில் பலரும், எழுத்தாளர்களின் கடிதங்கள் கைக்கு வந்த கதையை இங்கே சொல்லிவிட்டீர்கள். நான் நூலகர்களின் கடிதங்களைப் பற்றி எழுதுகிறேன். எழுத்தாளரின் கையெழுத்தை யாராவது ஒருவர் எடுத்து வைத்துவிடுவார். நூலகரின் தபாலட்டை வீடு மாறும்போது குப்பையோடு போய்விடுகிறது.

கொழும்பின் வெள்ளவத்தையில், கனடாவுக்குப் புறப்படவிருந்த ஒரு குடும்பத்தினர், காலஞ்சென்ற தமது தந்தையாரின் புத்தகங்களில் வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளும்படி என்னை அழைத்தார்கள். அவர் ஆசிரியர், சஞ்சிகைகளிலும் எழுதியவர். அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பிஸ்கற் தகரத்துள், 1960களில் இலங்கையின் வடபகுதி நூலகர் ஒருவர் அவருக்கு எழுதிய தபாலட்டைகள் ஒரு கட்டாகக் கிடந்தன. விடுபட்ட சஞ்சிகை இதழ்கள் உங்களிடம் உண்டா, இன்ன நூலின் முதற்பதிப்பை யாரிடம் கேட்கலாம், அனுப்பிய பொதி வந்து சேர்ந்தது என்பன போன்ற சிறு விடயங்களே அவற்றில் இருந்தன. ஆயினும் அவற்றைத் திகதி வரிசையில் வைத்து வாசித்தபோது, ஒரு நூற்சேர்க்கை யார் யாருடைய வீட்டிலிருந்து, எத்தனை வேண்டுகோள்களுக்குப் பின் உருவாயிற்று என்பது துலங்கியது. அச்சிட்ட எந்த நூற்பட்டியலிலும் இது கிடைக்காது.

இலங்கைத் தமிழரான எமக்கு இது சாதாரண ஆர்வம் மட்டுமல்ல. 1933இல் கே. எம். செல்லப்பா தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரு நூலகம் எரிந்தால் அதற்கு வந்த கடிதங்களும் எரிந்துவிடும். அங்கிருந்து எழுதப்பட்டவை மட்டும் பெற்றவர்களின் வீடுகளில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, எஞ்சியிருக்க வழியுண்டு. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்ததனாலேயே, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவருக்கு எழுதியவற்றை இன்று நாம் வாசிக்க முடிகிறது.

சேர்ப்பவர்களுக்குச் சில சொற்கள். உறையை எறிந்துவிடாதீர்கள், திகதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையே சான்று. துருவேறிய குண்டூசியை மெதுவாக அகற்றுங்கள். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த கொழும்பில் ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் மேலுறை ஒட்டுதலும் தாளைக் கெடுத்துவிடும். இலக்கமிட வேண்டுமானால் பின்புறத்தில் பென்சிலால் மட்டும் இடுங்கள். கட்டைப் பிரித்து, பெயர்பெற்றவரின் கடிதத்தை மட்டும் விற்பது மிகப் பெரிய தீங்கு என்பது என் உறுதியான கருத்து. கேள்வியும் பதிலும் பிரிந்தால் இரண்டுமே ஊமையாகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடிதத் தாள் உங்களுடையதாகலாம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவரது வாரிசுகளுக்கும் உரியது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆகவே அந்தத் தபாலட்டைகளை ஒளிவருடி வைத்திருக்கிறேனேயன்றி, நூலகரின் குடும்பத்தாரின் சம்மதம் கிடைக்கும்வரை வெளியிடப் போவதில்லை. அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். இத்தகைய கட்டுகள் உங்கள் வீடுகளில் இருந்தால், எந்த ஊர் நூலகத்திலிருந்து எந்தக் காலத்தில் வந்தவை என்பதையாவது இங்கே எழுதுங்கள்.