மங்கி ஐலண்ட் ஓடுது, ஆனா மியூசிக் மட்டும் வரவே மாட்டேங்குது (டாஸ் சிடி, விண்டோஸ் 11)

மலைக்கோட்டை:

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன், இங்க யாராவது சொல்லுவீங்கன்னு நம்பித்தான் எழுதறேன்.

எங்க அண்ணன் சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப ஒரு தடவ லீவுக்கு வரும்போது த சீக்ரட் ஆஃப் மங்கி ஐலண்ட் கேம் சிடி வாங்கிட்டு வந்தான், டாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி இருந்த சிஸ்டம்) வெர்ஷன். எனக்கு அப்ப இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஸ்க்ரீன்ல ஒவ்வொரு வரியா வர வர அவன் படிச்சு தமிழ்ல சொல்லுவான், நான் மவுஸ புடிச்சுக்கிட்டு எங்க கிளிக் பண்ணணும்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். இப்ப என் பொண்ணுக்கு ஒம்பது வயசு, அவள பக்கத்துல உக்கார வச்சு அதே மாதிரி விளையாடணும்னு ரொம்ப நாள் ஆசை.

லேப்டாப்ல சிடி டிரைவ் கிடையாது, அதனால யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கினேன். கேமை டபுள் கிளிக் பண்ணா இந்த ஆப் உங்க பிசியில ஓடாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் தேடிப் பாத்து ஸ்கம்விஎம் (இந்த மாதிரி பழைய கேம புது கம்ப்யூட்டர்ல ஓட்டற புரோக்ராம்) போட்டேன், சிடியில இருந்த ஃபோல்டர அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணி ஆட் கேம் குடுத்தா உடனே கண்டுபுடிச்சுருச்சு. படம் வருது, மவுஸ் வேலை செய்யுது, சின்னச் சின்ன சத்தம்கூட வருது. ஆனா மியூசிக் இல்ல. ராத்திரி நேரம், தூரத்துல மெலே தீவு தெரியும், பெரிய எழுத்துல டைட்டில் வரும், அப்ப ஒரு ட்யூன் ஆரம்பிக்கும் பாருங்க, அந்த இடத்துல சுத்தமா அமைதி. அட்லிப், எம்டி 32, ஜெனரல் மிடின்னு மியூசிக் வாசிக்கறதுக்கு செட்டிங்ஸ்ல இருக்கற பழைய சவுண்ட் வகை எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டேன். அந்த ட்யூன் இல்லாம பொண்ணுக்குக் காட்ட எனக்கு மனசே வரல.

எட்டுபிட்டு:

வணக்கம் பாஸ், இந்த கேமை இன்னும் பத்திரமா வச்சிருக்கீங்களே, ரொம்ப சந்தோஷம். எம்டி 32 செலக்ட் பண்ணா மட்டும் போதாது, அது ரோலண்ட் கம்பெனி 1987ல விட்ட தனி மியூசிக் பொட்டி, ஸ்கம்விஎம் அத சாஃப்ட்வேர்ல செய்யும், ஆனா அந்தப் பொட்டியோட ரோம் (உள்ள இருக்கற சிப்போட டேட்டா) ஃபைல் ரெண்டு வேணும், அது இல்லன்னா அந்தச் சத்தம் வராது. மறுபடியும் அட்லிப்புக்கே மாத்திட்டு மியூசிக் வால்யூம் ஜீரோல இருக்கான்னு ஒரு தடவ பாருங்க. இன்னொண்ணு, முகமெல்லாம் கொஞ்சம் அமுங்கின மாதிரி தெரிஞ்சா கிராஃபிக்ஸ்ல ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன ஆன் பண்ணிடுங்க.

மலைக்கோட்டை:

வால்யூம் ஃபுல்லா தான் இருக்கு பாஸ். ஆஸ்பெக்ட் ரேஷியோ ஆன் பண்ணேன், அட, அண்ணன் மானிட்டர்ல பாத்த மாதிரியே ஆயிடுச்சு, நிலா இப்பதான் உருண்டையா இருக்கு! ஆனா மியூசிக் இன்னும் இல்ல. ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன், மொதல் தடவ கேம் ஸ்டார்ட் பண்ணும்போது ஆடியோ டிராக் பத்தி ஏதோ மெசேஜ் வந்துச்சு, நான் சரியா படிக்காம ஓகே குடுத்துட்டேன்.

ஐஆர்க்யூ ஏழு:

அந்த மெசேஜ்லதான் பதில் இருக்கு நண்பா. மிடி, அட்லிப் எதையும் இனிமே தொட வேண்டாம், பிரச்சனை அங்க இல்லவே இல்ல.

மங்கி ஐலண்ட் 1990ல பிளாப்பியில வந்துச்சு, அதுல மியூசிக் எல்லாம் நோட்ஸா கேம் ஃபைலுக்குள்ளயே இருக்கும், சவுண்ட் கார்டு அத வாசிக்கும். 1992ல வந்த சிடி வெர்ஷன்ல அத மாத்திட்டாங்க. மியூசிக்க நிஜமா ரெக்கார்ட் பண்ணி, சினிமாப் பாட்டு சிடி மாதிரியே ஆடியோ டிராக்கா சிடியில போட்டாங்க. அதாவது உங்க சிடி பாதி டேட்டா சிடி, பாதி பாட்டு சிடி. நீங்க எக்ஸ்ப்ளோரர்ல திறந்து காப்பி பண்ணப்ப டேட்டா பக்கம் மட்டும்தான் வந்திருக்கு, பாட்டு டிராக்கெல்லாம் ஃபைலாவே இல்லாததால அது சிடியிலயே உக்காந்திருக்கு. நம்பிக்கை வரலன்னா அந்த சிடிய ஏதாவது பழைய சிடி பிளேயர்ல போட்டுப் பாருங்க, மொதல் டிராக்க மட்டும் தாண்டி விட்டுருங்க (அது டேட்டா, சில பிளேயர்ல கரகரன்னு கத்தும், ஸ்பீக்கருக்கு நல்லதில்ல), அடுத்தடுத்த டிராக்ல உங்க ட்யூன் வரும். மைக்கேல் லேண்ட் போட்ட மியூசிக் அது, சிடியில கேக்கறதுக்கும் அட்லிப்ல கேக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம், அதனால கொஞ்சம் மெனக்கெட்டாலும் எடுத்துருங்க.

ரெண்டு வழி இருக்கு. ஸ்கம்விஎம்லயே விளையாடணும்னா எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி ஒரு புரோக்ராம்ல டிராக்க எல்லாம் ரிப் பண்ணி (அதாவது ஃபைலா எடுத்து), ஃப்ளாக்கா (தரம் கொறையாத ஆடியோ ஃபைல்) மாத்தி, டிராக் நம்பரோட பேர் வச்சு கேம் ஃபோல்டர்லயே போட்டுடுங்க, பேர் எப்படி இருக்கணும்னு ஸ்கம்விஎம் டாக்குமென்ட்ல தெளிவா இருக்கு. இல்ல, அந்தக் காலத்துல எப்படி ஓடுச்சோ அப்படியே வேணும்னா டாஸ்பாக்ஸ், அது விண்டோஸுக்குள்ளயே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற புரோக்ராம். அதுக்கு இம்ஜ்பர்ன் (ImgBurn)ங்கற புரோக்ராம்ல சிடிய ரீட் பண்ணுங்க, சிடியோட முழு நகலா பின் ஃபைல் ஒண்ணும், அதுல எந்த டிராக் எங்க இருக்குன்னு சொல்ற க்யூ ஃபைல் ஒண்ணும் குடுக்கும். தயவுசெஞ்சு ஐஎஸ்ஓவா எடுக்காதீங்க, ஐஎஸ்ஓல டேட்டா மட்டும்தான் நிக்கும், பாட்டு போயிடும், நிறைய பேர் இந்த இடத்துலதான் சறுக்கறாங்க. அப்புறம் டாஸ்பாக்ஸ்ல இமேஜ் மவுன்ட் கமாண்ட் போட்டு டிரைவ் லெட்டர் டி, அந்த க்யூ ஃபைலோட முழு பாத், கடைசில டைப் ஐஎஸ்ஓன்னு குடுங்க. டைப்புக்குப் பேர் ஐஎஸ்ஓன்னு இருந்தாலும் க்யூவ சரியா படிச்சுக்கும், அதப் பாத்துக் குழம்ப வேண்டாம்.

விண்டோஸ் ஏன் ஓட்ட மாட்டேன்னு சொல்லுச்சுன்னா, டாஸ் புரோக்ராமெல்லாம் 16 பிட், 32 பிட் விண்டோஸ்ல அத ஓட்டறதுக்குன்னு ஒரு பகுதி இருந்துச்சு, 64 பிட் விண்டோஸ்ல அது கிடையாது. விண்டோஸ் 11 64 பிட்ல மட்டும்தான் வருது. அதனால கம்பாட்டிபிலிட்டி மோட் எத்தன தடவ மாத்தினாலும் நடக்காது. ஸ்கம்விஎம் எப்படி ஓட்டுதுன்னா அது அந்த டாஸ் புரோக்ராம ஓட்டவே இல்ல. 1987ல மேனியாக் மேன்ஷன்ங்கற கேம் பண்ணும்போது, பின்னாடி மங்கி ஐலண்டயும் பண்ண ரான் கில்பர்ட் டீம் கேமுக்குன்னே ஸ்கம்னு ஒரு ஸ்க்ரிப்ட் மொழி உருவாக்கினாங்க, கதை, வசனம், புதிர் எல்லாம் அந்த ஸ்க்ரிப்ட்ல இருக்கு, டாஸ் புரோக்ராம் அத வாசிக்கற ஆள் மாதிரி. அந்த ஆளுக்குப் பதிலா 2001ல இருந்து ஸ்கம்விஎம் பண்றவங்க புதுசா ஒரு ஆள எழுதிட்டு இருக்காங்க, அவ்வளவுதான். அதனாலதான் அதே ஃபோல்டர் லினக்ஸ்லயும் ஆண்ட்ராய்ட் போன்லயும் ஓடுது.

மவுஸ்கிளிக்:

நடுவுல வரேன், மன்னிக்கவும். எங்கிட்ட இந்த மாதிரி சிடி எதுவும் இல்ல, ஆனா படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்? திருட்டுக் காப்பி இறக்க விருப்பமில்ல.

எட்டுபிட்டு:

தாராளமா. பினீத் எ ஸ்டீல் ஸ்கை, 1994ல வந்தது, அத பண்ண ரெவல்யூஷன் கம்பெனியே 2003ல இலவசமா குடுத்துட்டாங்க. அதே கம்பெனியோட லூர் ஆஃப் த டெம்ப்ட்ரஸ், அப்புறம் ஃப்ளைட் ஆஃப் த அமேசான் குயீன், இந்த மூணுமே ஸ்கம்விஎம் சைட்லயே கிடைக்குது, இறக்கி அப்படியே ஓட்டலாம். என்னக் கேட்டா ஸ்டீல் ஸ்கைதான் மொதல்ல, கதை உங்கள உள்ள இழுத்துடும். காசு குடுத்து வாங்கணும்னா ஜிஓஜிங்கற ஆன்லைன் கடையில பழைய கேம் நிறைய இருக்கு, டாஸ்பாக்ஸோ ஸ்கம்விஎம்மோ அதுக்குள்ளயே வச்சுத் தராங்க.

மலைக்கோட்டை:

ஐஆர்க்யூ அண்ணா, நீங்க சொன்ன மாதிரி ரிப் பண்ண உக்காந்தேன், பாதி டிராக் நல்லா வந்துச்சு, அப்புறம் ஒரு டிராக்ல வந்து டிரைவ் கிர்ர்ருன்னு சுத்திக்கிட்டே நிக்குது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஓரத்துல வளைவா ஒரு கீறல், கூடவே ஏதோ பிசுக்கு.

ஐஆர்க்யூ ஏழு:

கீறல் இருந்தாலும் பரவால்ல, மொதல்ல பிசுக்க எடுங்க. கண்ணாடி தொடைக்கற மெல்லிசான துணில சுத்தமான தண்ணி லேசா தொட்டு, நடு ஓட்டையில இருந்து வெளிப்பக்கம் நேரா தொடைங்க, சுத்திச் சுத்தித் தொடைக்கக் கூடாது, ஏன்னா டிராக் போற திசையிலயே புதுக் கீறல் விழுந்தா டிரைவால சமாளிக்க முடியாது, குறுக்க விழுந்தா சமாளிச்சுக்கும். காஞ்சதுக்கப்புறம் எக்ஸாக்ட் ஆடியோ காப்பிய செக்யூர் மோட்ல வச்சு, ஸ்பீட கொறச்சு, அந்த டிராக்க மட்டும் தனியா எடுங்க. ஒரே இடத்த திரும்பத் திரும்பப் படிச்சு ஒத்துப் போகுதான்னு பாக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் நிறுத்தாதீங்க.

மலைக்கோட்டை:

வந்துருச்சு!! ஒரு டிராக்குக்கு மட்டும் நாப்பது நிமிஷம் எடுத்துச்சு, ஆனா முழுசா வந்துருச்சு. நேத்து ராத்திரி பொண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணேன், டைட்டில் வந்து ட்யூன் ஆரம்பிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அவ என்னப்பா ஆச்சுன்னு கேக்கறா. உடனே அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்துல வச்சேன், ஒரு நிமிஷம் அவன் ஒண்ணும் பேசல, அப்புறம் கேம்ல வர மூணு சோதனையில வாள்சண்டைய மொதல்ல முடிக்கச் சொல்லு, அதுல வசவாலதான் ஜெயிக்கணும், வசவு நிறைய கத்துக்கணும்னு அவகிட்ட ஆரம்பிச்சுட்டான். இப்ப அவன் போன்ல, அவ மவுஸ்ல.

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். அண்ணன் சொல்றான், அவனோட பழைய சேவ் கேம் ஒரு பிளாப்பியில இருக்காம், பரண்ல இருக்கற பொட்டியில. அது கெடச்சா ஸ்கம்விஎம்ல ஓபன் ஆகுமா?

ஐஆர்க்யூ ஏழு:

ஸ்கம்விஎம்ல ஆகாது, ஒரிஜினல் டாஸ் சேவ அதால படிக்க முடியாது. ஆனா டாஸ்பாக்ஸ்ல அதே சிடியோட ஒரிஜினல் புரோக்ராம ஓட்டி, சேவ் ஃபைல கேம் இருக்கற ஃபோல்டர்ல போட்டுப் பாருங்க, அதே வெர்ஷன்ல பண்ண சேவா இருந்தா அண்ணன் விட்ட இடத்துலயே நிக்கும். மூணரை இஞ்ச் பிளாப்பியா இருந்தா யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் போதும். டிரைவ்ல போடறதுக்கு முன்னாடி பிளாப்பி மூலையில இருக்கற சின்ன கறுப்பு மூடிய நகத்தால தள்ளி ஓட்டை தெரியற மாதிரி வச்சுடுங்க, அப்பதான் எதுவும் தவறிப் போய் மேல எழுதாது. பூஞ்சை புடிச்சிருக்கான்னு ஷட்டர நகர்த்திப் பாருங்க, வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா டிரைவ்ல போடாதீங்க, போட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.