ரஸ்ஸல் பனியாறு: சாலை இருக்கிறது, போகலாமா?

பனிப்பித்தன்:
கிரீன்லாந்தில் பனியாறு பார்க்கப் படகும் ஹெலிகாப்டரும் கட்டாயமில்லை. காங்கர்லுசுவாக் ஊரிலிருந்து கிழக்கே ஒரு மண்சாலை போகிறது. சுமார் 25 கிலோமீட்டரில் ரஸ்ஸல் பனியாற்றின் முகப்பு, செங்குத்தான பனிச்சுவர். இன்னும் மேலே போனால் 'பாயின்ட் 660'. அங்கே வண்டியை விட்டு இறங்கி, பனி தள்ளிக் குவித்த கல்மேட்டைத் தாண்டினால் நாட்டில் ஐந்தில் நான்கு பங்கை மூடியிருக்கும் பனிவிரிப்பின் மேலேயே நிற்கலாம். மலையேறத் தெரியாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் இப்படி நிற்க உலகில் வேறு எத்தனை இடம் இருக்கிறது? ஆர்க்டிக் பனியைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

நடைவாசி:
அந்தச் சாலை எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. பனிமேல் கார்களை ஓட்டிச் சோதிக்க ஃபோக்ஸ்வாகன் போட்டது. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். இப்போது அதே சாலையில் சுற்றுலா. ஒரு டன் கரியமில வாயு சுமார் 3 சதுர மீட்டர் ஆர்க்டிக் கோடைப் பனியைக் கரைக்கிறது என்று 2016-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் போய்வர ஒரு டன்னுக்கு மேலேயே ஆகும். பார்க்கப் போகிற பொருளையே கரைத்துவிட்டுத் திரும்புவது எனக்குச் சம்மதமில்லை.

பனிப்பித்தன்:
அது கடல்மேல் மிதக்கும் பனிக்கான கணக்கு. ரஸ்ஸல் நிலத்திலேயே முடிகிற பனியாறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

நடைவாசி:
சரி, கலக்கவில்லை. ஆனால் இரண்டையும் உருக்குவது ஒரே வெப்பம்தானே? மிதக்கும் பனி கரைவதால் கடல் மட்டம் அநேகமாக உயராது. நிலத்துப் பனி கரைந்தால் உயரும். கிரீன்லாந்துப் பனி முழுதும் போனால் சுமார் 7 மீட்டர். நீங்கள் சொன்ன திருத்தத்தால் என் வாதம் இன்னும் கனமாகிறது.

கோபன்ஹேகன்வாசி:
இரண்டு பேரும் அங்கே வாழும் மனிதர்களை விட்டுவிட்டீர்கள். காங்கர்லுசுவாக் 1941-இல் அமெரிக்க விமானத் தளமாகத் தொடங்கிய இடம். சுமார் 500 பேர். பிழைப்பே விமான நிலையம்தான். கோபன்ஹேகனிலிருந்து போகிறவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே இறங்கித்தான் வேறு விமானம் மாறினார்கள். 2024 நவம்பரில் தலைநகர் நூக்கில் நீண்ட ஓடுபாதை திறந்ததும் அந்தப் போக்குவரத்து நூக்குக்குப் போய்விட்டது. இனி அந்த ஊருக்குப் பனியாறு ஒரு முக்கியமான ஆதாரம். 'போகாதே' என்று சொல்பவர் அவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

அதே சமயம் 'எளிது' என்ற பேச்சும் முன்போல் இல்லை. கிரீன்லாந்தில் ஊருக்கு ஊர் சாலை கிடையாது. நூக்கில் இறங்கி இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும். அந்தச் செலவையும் சொல்லித்தான் ஆசை காட்ட வேண்டும்.

பனிப்பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ஊரை அடைந்த பிறகு வழி நேர்தான். முகப்பு வரை சைக்கிளில், நடந்து, தனியாகவே போகிறார்கள்.

கோபன்ஹேகன்வாசி:
தனியாகப் போவதில்தான் எனக்குப் பயம். அந்தச் சுவரிலிருந்து வீடளவு துண்டுகள் முன்னறிவிப்பில்லாமல் உடைந்து விழும். பனியாற்றின் ஓரத்தில் பனியே அணையாக நிற்கும் ஏரி ஒன்று உண்டு. 2007 ஆகஸ்டில் திடீரென வடிந்தது, அதன் பின்னும் பல தடவை. 2012 ஜூலையில் பனிவிரிப்பின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகியபோது, ஊருக்குள் இருந்த வாட்சன் ஆற்றுப் பாலத்தையே வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. தூரத்தில் நின்று பாருங்கள். பனிமேல் நடப்பதாக இருந்தால் வழிகாட்டியோடு, காலணிக்கு அடியில் ஆணிப்பட்டை கட்டிக்கொண்டு. ஜூன், ஜூலையில் கொசுவலையும் வேண்டும். அப்புறம், வெள்ளைவெளேரென்று எதிர்பார்க்காதீர்கள்: தூசியும் பாசியும் படிந்து ஓரப்பனி சாம்பல் நிறமாக இருக்கும். அந்தக் கருமை வெயிலை உறிஞ்சி உருகலை வேகப்படுத்துகிறது. வழிகாட்டிகள் அதைக் காட்டிச் சொல்லும்போது எந்தப் படத்திலும் புரியாதது புரியும்.

நடைவாசி:
நீங்கள் சொல்வதை மதிக்கிறேன் அக்கா. டென்மார்க்கில் இருப்பவர் ஒருமுறை போய் ஒரு வாரம் தங்கினால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. இந்தியாவிலிருந்து அரைநாள் பனியில் நிற்கப் பறந்து வருவதைத்தான் கேட்கிறேன்.

பனிப்பித்தன்:
அங்கேதான் எனக்கு வலிக்கிறது. இந்த வாயுவைக் காற்றில் கூடுதலாகச் சேர்த்தது பணக்கார நாடுகள். அவர்கள் பக்கத்தில் இருப்பதால் பார்க்கலாம், நாகப்பட்டினத்தில் கடல் ஏறும் என்று அஞ்சுகிறவன் பார்க்கக் கூடாதா?

நடைவாசி:
அவனுக்கு முழு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பயணத்துக்குக் காசு இருப்பவர் எத்தனை பேர்? அவர்களில் பெரும்பாலோர் புகையைக் குறைக்க வேண்டிய வரிசையில் முன்னால் நிற்பவர்கள். கடல் ஏறினால் வீட்டை விடப்போகிற மீனவர் பெயரை அவர்கள் பயணச்சீட்டுக்குக் கடன் வாங்காதீர்கள்.

பனிப்பித்தன்:
அந்தப் பெயரை எடுத்துவிடுகிறேன். ஆசையை எடுக்க முடியவில்லை. போனால் ஒரு வாரம் தங்குவேன், ஊர்க்காரர்கள் நடத்தும் சுற்றுலாவிலேயே போவேன். அக்கா, செப்டம்பரில் கொசு இருக்காது என்கிறார்கள். மண்சாலை அப்போதும் திறந்திருக்குமா?

கோபன்ஹேகன்வாசி:
செப்டம்பர் தொடக்கம் நல்ல காலம். கஸ்தூரி எருதுகளும் கண்ணில் படும். அறுபதுகளில் வடகிழக்கிலிருந்து 27 கன்றுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. சாலையைப் பற்றி அந்த வாரம் சுற்றுலா நடத்துபவர்களிடமே கேளுங்கள். மழை பெய்தால் நிலைமை ஒரே நாளில் மாறும்.