ரத்தன் லாலின் வாழ்க்கையில் ஆய்வும் மண் மீட்பும்

கேள்வி: வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். மண்ணியலில் மேற்படிப்புக்குச் சென்றால் கற்பித்தல், ஆய்வு, சீரழிந்த நிலங்களை மீட்டெடுத்தல் ஆகிய மூன்றையும் ஒருவரே செய்ய இயலுமா?

பதில் 1: இயலும். மண்ணியல் அறிஞர் ரத்தன் லாலைப் பாருங்கள். லூதியானாவிலும் தில்லியிலும் படித்து, 1968இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1970 முதல் 1987 வரை நைஜீரியாவின் இபடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, பேராசிரியராக ஓஹையோவுக்கே திரும்பினார். 2020ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

பதில் 2: பரிசைவிட இபடான் ஆண்டுகளே கவனிக்கத்தக்கவை என்பேன். காட்டை அழித்து உழுத நிலத்தில் கனமழை நேரடியாக அறைந்து மேல்மண்ணை அரித்துச் செல்லும். உழும்போது மண்கட்டிகள் உடைவதால், அவற்றுள் காக்கப்பட்டிருந்த கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்க, அது கரியமில வாயுவாக வெளியேறிவிடும். அறுவடைக் கழிவை மூடாக்காக விட்டு, உழாமலே விதைத்து, இடையில் மூடுபயிர் வளர்க்கும் முறைகளை அவர் அங்கே சோதித்தார். மண்ணில் கரிமத்தைச் சேமிப்பது பற்றிய அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் உழாத சாகுபடி எல்லா நிலத்துக்கும் பொருந்துமா?

பதில் 2: பொருந்தாது. வைக்கோலை மாட்டுக்கும் அடுப்புக்கும் எடுத்துவிட்டால் மூடாக்குக்கு என்ன மிஞ்சும்? நீர் வடியாத களிமண்ணில் விளைச்சல் குறையவும் கூடும். ஆய்வுப் பட்டத்துக்கு நல்ல தலைப்பு அதுவே.