நோய்க்குப் பிறகு மறுபடி வகுப்பறை: முழு அட்டவணையா, 'லேசான வேலை'யா?

மெர்பேங்க் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவள் நான். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழும் சொல்லிக்கொடுத்து வந்தேன். பிறகு மருந்துக்கு அடங்காத டிபி (காசநோய்) வந்தது. ஆறு மாத மருந்துமுறை இங்கே வருவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிட்டதால் எனக்குப் பதினெட்டு மாத மாத்திரை. மாத்திரை நின்று எட்டு மாதம் ஆகிறது. சளிப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வருகிறது. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வேலைக்குத் திரும்புகிறேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். "முதல் வருஷம் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பு வேண்டாம்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். முன்பு எத்தனை பாடவேளை எடுத்தேனோ அத்தனையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. முதல் நாளே பிள்ளைகளிடம் எனக்கு வந்தது டிபி என்று சொல்லப்போகிறேன். இதைக் கேட்டதிலிருந்து என் அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் செய்வது சரியா, தவறா? மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

டோங்காட் பெரியவர்:
இரண்டுமே தவறு, அம்மா. பதினாறு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என்னிடம் ஓர் ஆசிரியர் இருந்தார், இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர். உங்களைப் போலவேதான், எல்லா வகுப்பும் எனக்கே வேண்டும் என்று நின்றார். அவர் மனம் நோகக்கூடாது என்று கொடுத்தேன். மூன்றாவது வாரம் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அந்த மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு ஒரே வருஷத்தில் நான்கு தற்காலிக ஆசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். அவர் கேட்டதைக் கொடுத்தது என் பிழை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

விடுப்புக் கணக்கையும் யோசியுங்கள். மூன்று வருஷச் சுற்றுக்கு 36 வேலை நாள்தான் சம்பளத்தோடு நோய் விடுப்பு. உங்களுடையது எப்போதோ தீர்ந்திருக்கும். இனி குளிர்காலத்தில் சாதாரணச் சளி பிடித்து நான்கு நாள் படுத்தாலும் தற்காலிக இயலாமை விடுப்புக்கு எழுதிப் போட வேண்டும். வெளி மருத்துவர்கள் பார்த்துப் பரிந்துரை செய்வார்கள். 30 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. முடிவு மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் மறுத்து, சம்பளத்தில் பிடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் சேவை இருக்குமா? இருந்தால் உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒரு மொத்தத் தொகையும், மாதா மாதம் ஓய்வூதியமும் உண்டு. அதற்குக் குறைவென்றால் தொகை மட்டும்தான். போகச் சொல்லவில்லை. அப்படி ஒரு வழியும் இருக்கிறது என்கிறேன்.

ஃபீனிக்ஸ் சார்:
பெரியவர் அனுபவத்தில் பேசுகிறார். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு.

2014-இல் எனக்கு இதே நோய். அப்போது கனமைசின் ஊசிதான், தினமும், ஆறு மாதம். இரண்டு காதிலும் மேல்சுருதி ஒலிகள் கேட்காமல் போய்விட்டன. திரும்பி வந்தபோது இதே பேச்சுதான்: "ஒரு பருவத்துக்கு மட்டும் புத்தக அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்." பெரிய மனதென்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு பருவம் மூன்று வருஷம் ஆயிற்று. என் வகுப்பை எடுத்தவர் நன்றாக எடுத்தார், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள், யாருக்கும் அதை மாற்ற மனமில்லை. யார்மேலும் கோபமில்லை. ஆனால் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு, பக்கத்து அறையில் என் பாடத்தை இன்னொருவர் நடத்துவதை மூன்று வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே டீச்சர், நூலகத்துக்குப் போகாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
என் பெண்ணும் ஒன்பதாம் வகுப்புதான். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. 2006-இல் டுகேலா ஃபெரி என்ற ஊரைப் பற்றிச் செய்தி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 53 பேருக்குக் கடுமையான டிபி, 52 பேர் இறந்தார்கள். இதே மாகாணம்தானே? டீச்சர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் நாற்பது பிள்ளைகள் இருக்கிற மூடிய அறை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று தாய் தகப்பன் எப்படி நம்புவது?

இரவுப்பணி நர்ஸ்:
அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. டிபி வார்டில் வேலை பார்த்தவள் நான், என் வீட்டிலும் குழந்தை இருக்கிறது.

டுகேலா ஃபெரியில் இறந்தவர்களில் பரிசோதனை செய்யப்பட்ட எல்லோருக்கும் எச்ஐவி இருந்தது. இன்றைய மருந்துகள் அன்றைக்கு இல்லை. 2018-லிருந்து இந்த நாட்டில் ஊசிக்குப் பதில் பெடாகுவிலின் மாத்திரைதான். ஃபீனிக்ஸ் சாரின் காதைக் கெடுத்த ஊசி இப்போது வழக்கத்திலிருந்து போய்விட்டது.

சரியான மருந்து தொடங்கினாலே தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். சிகிச்சையை முடித்து, சளியிலிருந்து கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த ஒருவரிடமிருந்து உங்கள் பெண்ணுக்கு எதுவும் வராது. பயப்பட வேண்டியது மாதக்கணக்கில் இருமிக்கொண்டு இன்னும் ஒரு தடவைகூடச் சளி கொடுத்துப் பார்க்காத ஆளைப் பற்றித்தான். அவர் டாக்சியில் பக்கத்து இருக்கையில் இருக்கலாம், கோயில் வரிசையில் முன்னால் நிற்கலாம். வகுப்பறை ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று பள்ளியில் கேளுங்கள். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

இப்போது டீச்சருக்கு. கிருமி போய்விட்டது என்றால் நுரையீரல் பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. தழும்பு அங்கேயே இருக்கும். ஆறு நிமிடம் சமதரையில் நடக்கவிட்டு எத்தனை மீட்டர் என்று அளக்கும் பரிசோதனையைச் செய்தார்களா? செய்யவில்லையென்றால் பள்ளி திறப்பதற்கு முன் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்து பேசுவது வேறு, நாற்பது பேருக்குக் கேட்கும்படி நின்று பேசுவது வேறு. அதற்கு நிறைய மூச்சு வேண்டும்.

மெர்பேங்க் டீச்சர்:
பெரியவருக்கு: சேவை பதினான்கு வருஷம் முடிந்துவிட்டது. அந்த வழி தெரியும். எனக்கு 41 வயது, ஐயா.

சாட்ஸ்வொர்த் அம்மாவுக்கு: நேராகக் கேட்டதற்கு நன்றி. முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களிடம் எனக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. ஆடி மாதக் கூழ் பிரார்த்தனையில் ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "இப்படிக் கறுத்துப் போயிட்டியே, எந்த வெயில்ல நின்னே?" என்றார். க்ளோஃபசிமின் என்ற மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும், நிறுத்தினாலும் மெதுவாகத்தான் தெளியும். அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெயில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவெல்லாம் அந்தப் பொய் தொண்டையிலேயே நின்றது.

பிள்ளைகளிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று நான் நிற்பதற்குக் காரணம் வேறு. சிகிச்சையின் நடுவில் ஒரு நாள் கிளினிக்கில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு மூன்று ஆள் தள்ளி ஒரு பையன், குளிர்கால ஜெர்சியைப் பள்ளிச் சின்னம் தெரியாதபடி உட்புறம் வெளியே வருமாறு போட்டிருந்தான். தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நான் அவனுடைய டீச்சர், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மாத்திரையைத் தொடர்ந்தானா, நடுவில் விட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வகுப்பில் இன்னொரு பையன் இருப்பான். அவனுக்காகத்தான் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸ் சார்:
இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். ஆனாலும் இந்த ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

எனக்குக் காது கேட்காது என்பதை நான் மறைத்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்காமலே கேள்வி கேட்பாள், நான் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன். சார் வேண்டுமென்றே தன்னைக் கண்டுகொள்வதில்லை என்று அவள் நினைத்தாள். வருஷக் கடைசியில் அவள் அம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அடுத்த வருஷம் முதல் நாளே, "எனக்குக் காது சரியாகக் கேட்காது, கை தூக்கிவிட்டுப் பேசுங்கள்" என்றேன். அவ்வளவுதான். ஏன் கேட்காது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் அதனால் வந்ததை மட்டும் சொன்னால் போதும். நோய் விவரம் உங்களுடைய சொந்த விஷயம், நீங்கள் விரும்பாமல் பள்ளி அதை யாரிடமும் சொல்லக்கூடாது. ஒரு தடவை சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, தங்கச்சி.

டோங்காட் பெரியவர்:
சாரின் வழிதான் சரி. பெயரைச் சொன்னால் மறுநாள் காலை அலுவலகத்தில் பெற்றோர் கூட்டம் நிற்கும். இந்த நர்ஸ் அம்மா இங்கே பொறுமையாகச் சொன்னதை அங்கே சொல்ல ஆள் இருக்காது.

இரவுப்பணி நர்ஸ்:
ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், ஐயா. வகுப்பில் சொல்வதற்கு முன் பெற்றோர் கூட்டத்தில் சொல்லட்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்வது பாதிதான் போய்ச் சேரும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
அப்படி ஒரு கூட்டம் வைத்தால் நானும் வருவேன். என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஜெர்சிப் பையனை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அவன் அம்மாவுக்காவது தெரியுமோ என்னவோ.

மெர்பேங்க் டீச்சர்:
நேற்றுப் பள்ளிக்குப் போனேன். தேர்வு முடிந்து யாரும் இல்லை. என் பழைய அறை இரண்டாவது மாடி. 38 படி. முன்பு எண்ணியதே இல்லை. 14-இல் ஒரு தடவை நின்றேன், 29-இல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைனசோலிட் மாத்திரையால் பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இறங்கும்போது ஒரு செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை, இரண்டு படி தாண்டித்தான் பார்த்தேன். மேலே போய்ப் பலகைக்கு முன் நின்று, பின்னச் சமன்பாடு ஒன்றைச் சத்தமாக நடத்திப் பார்த்தேன். நான்காவது வரியில் மூச்சு வாங்கியது.

பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது பாடவேளைகளின் எண்ணிக்கை இல்லை, அந்த 38 படிதான். வகுப்பு மாறும்போதெல்லாம் அதை ஏறி இறங்கினால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுவேன். அதனால் தலைமையாசிரியரிடம் மூன்று கேட்கப்போகிறேன்: தரைத்தளத்தில் ஓர் அறை, தொடர்ந்து இரண்டு பாடவேளைக்கு மேல் வேண்டாம், சட்டையில் மாட்டும் சின்ன மைக். உடல்நிலைக்கு ஏற்ற மாதிரி வேலையை மாற்றித் தரக் கேட்கும் உரிமை 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது என்று யூனியனில் சொன்னார்கள். மருத்துவர் கடிதத்தோடு எழுதியே கொடுத்துவிடுகிறேன். நூலகத்துக்குப் போகமாட்டேன்.

பெயரையும் சொல்லத்தான் போகிறேன். முதலில் பெற்றோரிடம், நர்ஸ் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. சார், மன்னியுங்கள்.

ஃபீனிக்ஸ் சார்:
மன்னிப்பெல்லாம் எதற்கு. மைக் வாங்கும்போது கையால் பிடிப்பதை வாங்காதீர்கள், பலகையில் எழுதக் கை வேண்டும். என்னிடம் தலையில் மாட்டுவது ஒன்று இருக்கிறது, தருகிறேன்.

டோங்காட் பெரியவர்:
முழு எண்ணிக்கை அதிகம் என்றுதான் இப்போதும் சொல்வேன். முதல் பருவத்துக்காவது நான்கு பாடவேளை குறைத்துக் கேளுங்கள், ஆனால் வகுப்பைக் கையிலிருந்து விடாமல் கேளுங்கள். இரண்டாம் பருவத்தில் அந்த நான்கும் உங்களுக்கே திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஃபீனிக்ஸ் சாருக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

இன்னொன்று, அறைகளை விடுமுறைக்கு முன்பே பங்கிட்டுவிடுவார்கள். தரைத்தள அறை என்றால் எல்லோரும் கேட்பார்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள், நாளைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.